தடித்த எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை: டிஸ்பிளே சான்ஸ் செரிஃப் எழுத்துருவின் வடிவமைப்பும் பயன்பாடும்

திரையில்: ஒரே ஒரு சொல், திரையின் அகலம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது.

குரல்: சுவரொட்டியிலும் நாளிதழின் முதல் பக்கத்திலும் வீடியோவின் முகப்புப் படத்திலும் நம் கண்ணை முதலில் இழுப்பது பெரும்பாலும் தடித்த சான்ஸ் செரிஃப் எழுத்துதான். கோடுகளின் முனைகளில் செரிஃப் எனப்படும் சிறு பாதங்கள் இல்லாத, தலைப்புக்கென்றே பெரிய அளவில் வரையப்பட்ட ‘டிஸ்பிளே’ எழுத்துரு இது. சாதாரண எழுத்தின் கோடுகளைத் தடிமனாக்கிவிட்டால் இது கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வடிவமைப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதி, கறுப்பு ஏற ஏற எழுத்துக்குள் சுருங்கிக்கொண்டே போகும் வெள்ளையைக் காப்பதில்தான் செலவாகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செரிஃப் இல்லாத முதல் ஆங்கில அச்செழுத்தை, பெரிய எழுத்துகள் மட்டும் கொண்டதாக, 1816-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் காஸ்லனின் வார்ப்பகம் வெளியிட்டது. விளம்பரத் தாள்கள் பெருகியபோது, மிகப் பெரிய அளவுகளில் ஈய எழுத்து தாங்க முடியாத கனமாக இருந்ததால், அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து தயாரிக்கும் வழியைக் கண்டார். 1965-இல் ஜெஃப்ரி லீ வடிவமைத்த ‘இம்பாக்ட்’ எழுத்துரு, சின்ன எழுத்துகளையும் ஏறக்குறைய பெரிய எழுத்துகளின் உயரத்துக்கே உயர்த்தி, கொடுத்த இடத்தில் அதிகபட்ச மையை நிரப்பியது. பின்னாளில் விண்டோஸ் கணினிகளோடு அது உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

திரையில்: ஆங்கில ‘ஓ’ எழுத்து பெரிதாகிறது; அதன் மேலும் கீழும் இரண்டு வழிகாட்டிக் கோடுகள் தோன்றுகின்றன.

குரல்: இந்த ‘ஓ’வை உற்றுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் போலத் தெரிந்தாலும், அளந்து பார்த்தால் மேல்வளைவும் கீழ்வளைவும் பக்கக் கோடுகளைவிட மெலிந்திருக்கும். கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் ஒரே அளவில் இருந்தால், கிடைக்கோடு கூடுதல் தடிமனாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. அதோடு, வளைவுகள் வழிகாட்டிக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கின்றன. தாண்டாவிட்டால் பக்கத்தில் இருக்கும் தட்டையான எழுத்தைவிட ‘ஓ’ குள்ளமாகத் தெரியும். ஆக, சமமாகத் தெரிவதற்காகவே அளவுகள் சமமில்லாமல் வரையப்படுகின்றன. தடித்த எழுத்துருவின் அழகே இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் கடினமானவை இணைப்புகள். ஆங்கிலச் சின்ன ‘என்’ (n) எழுத்தில் வளைவு தண்டோடு, அதாவது செங்குத்துக் கோட்டோடு, சேரும் இடத்தில் இரண்டு தடித்த கோடுகள் மோதி ஒரு கறுப்புத் திட்டு உருவாகும். அந்த இடத்தில் வளைவை மெலிய வைத்து, தேவைப்பட்டால் சிறு வெட்டு ஒன்றும் கொடுத்து, வெள்ளையை உள்ளே வரவிடுகிறார்கள். மென்பொருள் தானாக உருவாக்கும் பொய்யான போல்டு இதையெல்லாம் அறியாது. போல்டு கோப்பு இல்லாதபோது உலாவி சாதாரண எழுத்தின் விளிம்பையே பெருக்கிக் காட்டுவதால், துளைகள் அடைபட்டு, வளைவுகள் வீங்கிப்போகின்றன.

திரையில்: தமிழ் ‘ப’வும் ‘ண’வும் அருகருகே, ஒரே கோட்டுத் தடிமனில்.

குரல்: தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘ப’வுக்கு மூன்று கோடுகள் போதும்; ‘ண’வுக்கோ சுழிகளும் அடுத்தடுத்த தண்டுகளும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தடிமன் கொடுத்தால் ‘ண’ கரும்புள்ளியாகிவிடும் என்பதால், அதன் கோடுகளை மெலித்து, அகலத்தைக் கூட்டி, சொல் முழுவதும் ஒரே கறுமையில் தெரியுமாறு ஈடுசெய்ய வேண்டும். ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழுவினரின் ‘பலூ தம்பி’, ‘அனெக் தமிழ்’ போன்ற எழுத்துருக்களின் தடித்த வடிவங்களில் ‘ண’, ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

பயன்பாட்டுக்கு வருவோம். தடித்த டிஸ்பிளே எழுத்தைப் பத்திகளில் வைக்க வேண்டாம். பக்கம் முழுவதும் உரத்துப் பேசினால் எந்தச் சொல்லும் தனித்துக் கேட்காது. பெரிய அளவில் எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளி அகன்று தெரியும் என்பதால் அதைச் சற்றுக் குறைக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துத் தலைப்புகளில் வரிகளை நெருக்கி அடுக்குவது போலத் தமிழில் அடுக்க முடியாது. மேல்வரியின் உகரக் குறிகள் கீழ்வரியின் புள்ளியோடும் இகரக் குறியோடும் மோதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் பருத்துத் தோன்றும் என்பதால், அங்கே ஒரு படி மெலிந்த எடையே (கோட்டின் தடிமன் அளவு) பொருந்தும். இணைய அணுகல் நெறிகள் 14 பாயின்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள போல்டு எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கருதி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் 4.5:1-க்குப் பதில் 3:1 இருந்தால் போதும் என்கின்றன. ஆயினும் படத்தின் மேல் வைக்கும் தலைப்புக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்காமல் இருப்பதே நல்லது.

எழுத்துருவைத் தேர்வு செய்யும் முன், உங்கள் தலைப்பிலுள்ள சொற்களையே இட்டு, அது தோன்றப்போகும் மிகச் சிறிய அளவில் பாருங்கள். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வெளியும் அடைபட்டிருந்தால், 900 எடையை விட்டு 800-க்கோ 700-க்கோ இறங்குங்கள்.