ஏறிய மின்னூட்டம் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் மின்னூட்டம் ஏறும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். சரி, ஏறியது எப்படி இறங்குகிறது? அதை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை.

இறங்க மூன்று வழிகள் உண்டு. பொருளுக்குள் புகுந்து மறுபக்கம் போகலாம், மேற்பரப்பிலேயே பரவி ஓடலாம், இல்லையென்றால் காற்றிலிருக்கும் எதிர்வகை மின்னூட்டம் கொண்ட துகள்கள், அதாவது அயனிகள், வந்து ஒட்டிச் சமன் செய்யலாம். காற்றில் ஈரம் கூடினால் மேற்பரப்பு வழி சுலபமாகிவிடும். நூற்பாலைகளில் ஈரப்பதத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். வறண்ட காற்றில் நல்ல பாலிஎத்திலீன் தாள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில்கூட, மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. 1967-இல் ஜப்பானின் நகோயாவில் இயெதா, சாவா, ஷினோஹரா ஆகிய மூவர் பாலிஎத்திலீன் படலங்களில் வெவ்வேறு அளவு மின்னூட்டம் ஏற்றி, மேற்பரப்பு மின்னழுத்தம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். ஒரு டம்ளரில் கொதிக்கிற காப்பி, இன்னொன்றில் வெதுவெதுப்பான காப்பி என்றால், கொதித்தது மற்றதை முந்திக்கொண்டு ஆறிப்போகும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? இங்கே அதுதான் நடந்தது. அதிக மின்னழுத்தத்தில் தொடங்கிய படலம் வேகமாக இறங்கி, குறைவாகத் தொடங்கியதற்கும் கீழே போய்விட்டது! வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. மின்துகள்கள் மேற்பரப்பிலுள்ள பொறிகளில், அதாவது எலிப்பொறி போல அவற்றைப் பிடித்து வைக்கும் இடங்களில், சிக்கிக் கிடக்கின்றன. மின்புலம் பலமாக இருந்தால் அவை மொத்தமாகப் பொருளுக்குள் தள்ளப்பட்டு மறுபக்கம் நகர்கின்றன. புலம் பலவீனமாக இருந்தால் ஒரு பகுதிதான் உள்ளே போகிறது, மிச்சம் மேலேயே தங்கிவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் இதில் நிறையத் திருத்தம் சொன்னார்கள். மின்னூட்டம் ஏற்றும்போது எழும் புற ஊதா ஒளிக்கும் இதில் பங்குண்டு என்றார்கள். ஆனாலும் எனக்குப் பிடித்த சோதனை இதுதான். இத்தனை நேரத்தில் பாதியாகும், அடுத்த அத்தனை நேரத்தில் அதிலும் பாதியாகும் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே எடுபடவில்லை.

சில இடங்களில் மின்னூட்டம் இறங்கவே கூடாது. என்95 முகக்கவசத்தின் பாலிபுரோபைலீன் இழைகளில் வேண்டுமென்றேதான் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதனால் கவசத்தைச் சானிடைசரில் நனைக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். இழை கிழியாது, மூச்சுவிடவும் கஷ்டம் இருக்காது. வடிகட்டும் திறன் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். நன்றி, வணக்கம்.