பூக்கார அக்காவைக் கேட்டிருக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான்.

நம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அடிபட்டவரை முதலில் தூக்குவது யார்? பின்னால் வந்த டிரைவரும் பக்கத்து டீக்கடைக்காரரும்தான். 108 அதற்கப்புறம்தான் வரும். பயங்கரவாதிகள் குண்டு வைத்தாலும் இதே கதைதான். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. அப்படி ஒரு நாளுக்கான திட்டத்தை அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் போதாது என்பது என் எண்ணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் ஒத்திகை நடந்தது. குண்டு வெடித்ததாக வைத்துக்கொண்டு போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் வந்தன. முன்வாசலில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றதால் ஆம்புலன்ஸ் நகரவே இல்லை. என் பக்கத்தில் நின்ற பூக்கார அக்கா சொன்னார்: "காலைல இந்த வாசல் இப்படித்தாம்மா. காய்கறி வண்டி வர்ற பின்சந்துல விட்டிருந்தா நேரா உள்ள வந்திருக்கும்." இருபது வருடமாக அங்கேயே உட்கார்ந்து பூக்கட்டுகிறவர். அவரை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான ஆணையம் உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாவட்டத் திட்டம் தயாரிக்க வேண்டும். மனிதரால் வரும் ஆபத்தும் அதில் அடக்கம். உளவுத் தகவலை ஊரறியச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் எந்தச் சந்து வழியாக வெளியேறுவது, காயம்பட்டவரை எந்த மரத்தடியில் கிடத்துவது என்பதெல்லாம் ரகசியமா என்ன?

மக்களிடம் பேசும்போதுதான் சில விஷயங்கள் அவர்கள் மனதில் பதியும். வெடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாதீர்கள். கூடும் கூட்டத்துக்கென்றே இரண்டாவது குண்டு வைத்த கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது. ரத்தம் பீறிட்டால் தோளில் கிடக்கும் துண்டை மடித்து, காயத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

வதந்தியும் ஆளைக் கொல்லும். 2018இல் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். சந்தேகம் வந்தால் 112 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். முகத்தையும் மொழியையும் மதத்தையும் பார்த்து யார் மேலும் கை வைக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கினால் யார் யாரை எழுப்புவது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பழக்கம் இதற்கும் உதவும். எங்கள் தெருவில் நடக்க முடியாத ஒரு பாட்டி இருக்கிறார். சத்தமே கேட்காத ஒரு பையனும் இருக்கிறான். அவசரத்தில் இவர்களை யார் கூட்டி வருவது என்று போன அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் எழுந்து, "நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அன்றைக்கே அவர்கள் பெயரை எழுதிக்கொண்டோம்.

வணக்கம்.