பழைய கேடிலாக் வாங்கலாமா? நியூஜெர்சி தம்பி கேட்ட கேள்விக்கு பதில்

வணக்கம் மக்களே, இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன், ஏன்னா இதுக்கு ரெண்டு வரில பதில் சொன்னா அது நியாயமா இருக்காது. நியூஜெர்சில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணா, என் கூட வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர் ரிட்டயர் ஆகப்போறார், அவர்கிட்ட 2002 கேடிலாக் டெவில் (DeVille) கார் இருக்கு, கம்மியாதான் ஓடியிருக்கு, நல்ல விலைக்குத் தர்றேங்குறார். கேடிலாக்னா உலகத்துக்கே ஸ்டாண்டர்டுன்னு ஒரு காலத்துல பேர் இருந்துச்சாமே, அது நெசமா இல்ல வெறும் விளம்பரமா? இந்த வண்டிய வாங்கலாமா?" அப்படின்னு.

தம்பி, அந்தப் பேர் நெசம்தான். சும்மா வந்த பேர் இல்ல, சம்பாதிச்ச பேரு. ஆனா நீங்க பாக்குற வண்டி வந்த காலத்துல அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி வேலை நடந்துச்சான்னா, அங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும்.

மொதல்ல ஆள் யாருன்னு பாப்போம். ஹென்றி லேலண்ட்னு ஒருத்தர். நம்ம எண்ணூர் அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது, அது இங்கிலாந்துல ஒரு ஊர் பேரு, இவரு அமெரிக்காக்காரர். உள்நாட்டுப் போர் நடந்தப்போ ஸ்ப்ரிங்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைல வேலை பாத்தவரு, அப்புறம் பிரவுன் அண்ட் ஷார்ப்னு அளவுக்கருவி செய்யுற கம்பெனில இருந்தவரு. அதாவது ஒரு துப்பாக்கில இருக்குற பார்ட்ட எடுத்து இன்னொன்னுல போட்டா அப்படியே உக்காரணும், அரம் போட்டு ராவக்கூடாது, அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு. 1902ல ஹென்றி ஃபோர்டு தன்னோட ரெண்டாவது கம்பெனிய விட்டு வெளிய போயிட்டாரு, பணம் போட்டவங்க இழுத்து மூடிரலாம்னு மெஷினுக்கெல்லாம் விலை மதிப்பு போட லேலண்டைக் கூப்பிட்டாங்க, வந்தவரு மூடாதீங்க, எங்கிட்ட நல்ல இன்ஜின் இருக்கு, வண்டி செய்யலாம்னு சொல்லிட்டாரு. அப்படிப் பொறந்ததுதான் கேடிலாக். 1701ல டெட்ராய்ட் ஊரை உண்டாக்குன ஃபிரெஞ்சுக்காரர் பேரு அது.

இப்ப அந்த 'ஸ்டாண்டர்டு' விஷயம். 1908ல இங்கிலாந்துல ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை வெச்சாங்க. லண்டன்ல விக்கறதுக்கு ஸ்டாக்ல இருந்த கேடிலாக் வண்டில மூணை எடுத்து புரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போனாங்க. மூணையும் அக்கு வேற ஆணி வேறயா கழட்டினாங்க, ஒரு வண்டிக்கு 721 பார்ட்டு, எல்லாத்தையும் ஒண்ணாக் குமிச்சுக் கலந்துட்டாங்க, அதுல கொஞ்சத்தை எடுத்து வெச்சுட்டு அதுக்குப் பதிலா டீலர் கடைல இருந்த ஸ்பேர் பார்ட்டைப் போட்டாங்க. இதுக்கப்புறம் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும்தான் கைல, அரம் சுத்தியல் எதுவும் கூடாது, இதை வெச்சு மூணு வண்டி கட்டுன்னாங்க. கட்டிட்டாங்க. ஒண்ணோட பானெட்டு இன்னொண்ணோட மட்கார்டுன்னு கலர் கலரா நின்ன மூணு வண்டியும் ஸ்டார்ட் ஆகி 500 மைல் ஓடிச்சு, அதாவது 800 கிலோமீட்டர். அந்தக் காலத்துல வண்டின்னா ஒவ்வொண்ணும் மேஸ்திரி கைப்பக்குவத்துல பொருத்துறது, ஒண்ணோட பிஸ்டன் இன்னொண்ணுக்குச் சேராது, அப்படி இருந்த காலத்துல இது. அதுக்காக கிளப்புல டியூவர் டிராஃபிங்குற விருதைக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் உலகத்துக்கே ஸ்டாண்டர்டுன்னு விளம்பரத்துல போட்டுக்கிட்டாங்க. போட்டுக்கிட்டா என்ன தப்பு, உரிமை இருக்குல்ல.

1909ல ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிருச்சு, ஆனா லேலண்டை அங்கயே இருக்க விட்டாங்க. 1912 மாடல்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துச்சு, சார்லஸ் கெட்டரிங்னு ஒரு இன்ஜினியர் செஞ்சது. அதுக்கு முன்னாடி வண்டி முன்னால குனிஞ்சு கிராங்க் போட்டு சுத்தணும், அது திருப்பி அடிச்சா கை உடையும், தாடை உடையும், உயிர் போனவங்களும் உண்டு. இன்னைக்கு நாம பட்டனை அமுக்குறோம்ல, அதுக்கு ஆரம்பம் அங்க. டியூவர் டிராஃபி ரெண்டாவது தடவையும் வந்துச்சு. 1915 மாடல்ல வி8, அதாவது பக்கத்துக்கு நாலா எட்டு சிலிண்டர் இருக்குற இன்ஜின். 1917ல லேலண்ட் வெளிய போயி லிங்கன் கம்பெனிய ஆரம்பிச்சாரு, தான் ஓட்டுப் போட்ட ஆபிரகாம் லிங்கன் பேரையே வெச்சு. அமெரிக்காவோட ரெண்டு பெரிய சொகுசு வண்டி பிராண்டும் ஒரே மனுஷன் கைல பொறந்தது, நினைச்சாலே எனக்குப் புல்லரிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், இதை யாரும் அதிகமா பேசுறதில்ல. 1930கள்ல பொருளாதாரம் படுத்துக் கெடந்தப்போ கேடிலாக் மூடுற நிலைமைல இருந்துச்சு. அப்போ கறுப்பின மக்களுக்கு ஷோரூம்ல வண்டி விக்கக்கூடாதுன்னு ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. காசு இருந்தாலும் விக்கமாட்டாங்க. நிக்கோலஸ் டிரெய்ஸ்டாட்னு சர்வீஸ் பகுதிய பாத்துக்கிட்டிருந்தவரு கவனிச்சாரு, சர்வீஸுக்கு வர்றவங்கள்ல நிறைய பேரு கறுப்பின டாக்டர், பாடகர், குத்துச்சண்டை வீரர், இவங்கல்லாம் ஒரு வெள்ளைக்காரருக்குக் காசு கொடுத்து அவர் பேர்ல வாங்கச் சொல்லி வண்டி எடுத்திருக்காங்க. தங்க வீடு கிடைக்காது, ஹோட்டல்ல ரூம் கிடைக்காது, நான் சம்பாதிச்சவன்னு காட்ட அவங்களுக்கு இருந்தது இந்த வண்டிதான். நேராவே வித்துத் தொலைங்கன்னு மேல உள்ளவங்ககிட்ட வாதாடினாரு, வித்தாங்க, கம்பெனி பொழச்சுச்சு, 1934ல அவரையே தலைமைக்குக் கொண்டு வந்தாங்க. ஒதுக்கி வெச்சவங்க காசுல பொழச்ச கம்பெனி அது, அந்த நன்றி அவங்களுக்கு எப்பவும் இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் 1948ல அந்த வால் துடுப்பு, பி-38 போர் விமானத்தைப் பாத்து வந்த யோசனை, வருஷா வருஷம் வளந்து 1959ல ஆள் இடுப்புக்கு மேல நின்னுச்சு. அதைப் போட்டோல எல்லாரும் பாத்திருப்பீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். நான் இருக்குறது மிச்சிகன்ல, எங்க தெருவுல ஒரு பெரியவர்கிட்ட 1955 கூப் டெவில் இருக்கு. ஒரு நாள் பெட்ரோல் பங்க்ல அவரோட நின்னேன், வண்டியச் சுத்தி வந்து பாக்குறேன், டேங்க் மூடியே காணோம். எங்கன்னு கேட்டேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே இடது பக்க டெயில் லைட்டுக்குக் கீழ விரலை வெச்சு அமுக்கினாரு, அந்த லைட்டு அப்படியே கண்ணு இமை மாதிரி மேல தூக்கிக்கிச்சு, உள்ள மூடி. ஊத்தி முடிச்சு கைய வெச்சு இறக்கினாரு, டக்குனு ஒரு சத்தம், இடைவெளியே தெரியல. அறுபது எழுபது வருஷ வண்டி. அந்த டக்குங்குற சத்தத்துலதான் லேலண்ட் இருக்காரு.

சரி, சறுக்கினது எங்க? 1978ல அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட மூணரை லட்சம் வண்டி வித்தாங்க. அப்போ எரிபொருள் சட்டம் வேற வந்துருச்சு, மைலேஜ் கொடுத்தே ஆகணும். அவசரம். 1981ல வி8-6-4ன்னு ஒரு இன்ஜின், தேவையில்லாதப்போ ரெண்டு சிலிண்டர், நாலு சிலிண்டர் தானா ஓய்வெடுத்துக்கும். யோசனை அருமையானது, இன்னைக்கு எத்தனையோ வண்டில இருக்கு. ஆனா அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்ல, வண்டி குலுங்குது, இழுக்குது, ஜனங்க டீலர்கிட்ட போயி ஒயரைப் புடுங்கி விடுங்கன்னு நிரந்தரமா எட்டு சிலிண்டர்லயே ஓட்டினாங்க. அடுத்த வருஷமே ஹெச்டி4100னு இன்னொரு இன்ஜின், 125 குதிரைசக்தி, அவ்வளவு பெரிய வண்டிக்கு அது எந்த மூலைக்கு? அதுலயும் கேஸ்கெட், அதாவது ரெண்டு பார்ட்டு சேர்ற இடத்துல கசியாம அடைக்கிற தகடு, அதுல பிரச்சினை. அதே 1982ல செவர்லே கேவலியரை எடுத்து லெதர் சீட்டு போட்டு சிமரான்னு பேர் வெச்சு கேடிலாக் விலைக்கு வித்தாங்க. இது மூணும் ஒரே தப்புதான், வேலை முடியறதுக்கு முன்னாடி வாடிக்கையாளர் கைல கொடுத்துட்டாங்க. சோதனைய புரூக்லேண்ட்ஸ்ல பண்ணின கம்பெனி, ஜனங்க வீட்டு வாசல்ல பண்ண ஆரம்பிச்சுது.

இப்ப உங்க வண்டிக்கு வர்றேன் தம்பி. 2002 டெவில்ல இருக்குறது நார்த்ஸ்டார், 4.6 லிட்டர் வி8, 1993 மாடல்ல வந்த இன்ஜின். ஓட்டிப் பாத்தா மயங்கிருவீங்க, அவ்வளவு வழுவழுப்பு. கூலண்ட், அதான் இன்ஜினை ஆற வைக்கிற திரவம், மொத்தமா போயிட்டா கூட ஒரு பக்க நாலு சிலிண்டர் எரியும்போது மறு பக்கம் வெறும் காத்தை இழுத்து ஆற வெச்சுக்கும், மாத்தி மாத்தி அப்படி வீட்டுக்குக் கொண்டு வந்து சேத்துரும், அப்படி ஒரு மூளை. ஆனா பாருங்க, ஹெட் போல்ட்டு, அதாவது இன்ஜினோட மேல் பாகத்தை கீழ இருக்குற பிளாக்கோட இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டு. பிளாக்கு அலுமினியம், போல்ட்டு இரும்பு, சூடாகி ஆறி சூடாகி ஆறி, அலுமினியத்துல இருக்குற மரை பிச்சுக்கிட்டு வந்துரும். மரை போனா போல்ட்டு இறுக்கமா நிக்காது, ஹெட் கேஸ்கெட் போயிரும், இன்ஜின் சூடாகும். 2000ல மாத்தி செஞ்சாங்க, 2004 வாக்குல மறுபடி மாத்தினப்புறம்தான் நெலமை நல்லாச்சுங்கறாங்க மெக்கானிக்குங்க. உங்க 2002 அதுக்கு முன்னாடி. 721 பார்ட்டைக் கலந்து போட்டு ஓட்டிக் காட்டின கம்பெனி, மரைல கோட்டை விட்டுச்சேன்னு எனக்கு உண்மையாவே வருத்தம்.

இதைச் சரி பண்ண முடியாதுன்னு இல்ல. ஓட்டைய பெருசாக்கி உள்ள இரும்பு மரை இறக்குவாங்க, இல்ல ஸ்டட் போடுவாங்க, அப்புறம் காலத்துக்கும் நிக்கும். ஆனா அதுக்கு இன்ஜினையே கீழ இறக்கணும், ஆயிரக்கணக்குல டாலர் ஆகும், வண்டி விலைய விட ரிப்பேர் விலை அதிகமாயிரும்.

நான் ஏன் இவ்வளவு உருகிச் சொல்றேன்னா எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு, 2009 டிடிஎஸ், அது டெவிலோட அடுத்த தலைமுறை, அதே நார்த்ஸ்டார்தான் ஆனா கடைசிக் காலத்துது. திருச்சில இருந்து அம்மா அப்பா வந்திருந்தாங்க. அம்மாவுக்கு கார்ல ஏறினாலே வாந்தி, எலுமிச்சம்பழம் கைல இல்லாம ஏறமாட்டாங்க. டெட்ராய்ட்ல இருந்து சிகாகோ போனோம், நாலரை அஞ்சு மணி நேரம். கலமசூ தாண்டினதும் பின்னாடி சத்தமே இல்லையேன்னு கண்ணாடில பாக்குறேன், எலுமிச்சம்பழம் மடில உருண்டு கெடக்கு, அம்மா வாயத் தொறந்து தூங்குறாங்க. எறங்குனப்போ "கட்டில்ல படுத்த மாதிரி இருந்துச்சுடா"ன்னாங்க. பிஎம்டபிள்யூ வெச்சிருக்குற ஃப்ரெண்டு என் வண்டிய ஓட்டிட்டு, என்னடா ஸ்டியரிங்ல ரோடே தெரியலன்னான். உண்மைதான், வளைவுல சாயும், படகு மாதிரிதான் இருக்கும். வளைச்சு நெளிச்சு ஓட்டணும்னா கேடிலாக்லயே சிடிஎஸ் வி, அதுக்கப்புறம் வந்த பிளாக்விங் மாதிரி வண்டிங்க வேற இருக்கு, அதெல்லாம் ஜெர்மன்காரங்களையே திரும்பிப் பாக்க வெச்ச வண்டிங்க, அதுக்குத் தனி வீடியோ போடுறேன். டெவில், டிடிஎஸ் வெச்சிருக்குறவங்க யாரைக் கேட்டாலும் மொதல்ல சொல்றது சீட்டு, ரெண்டாவது சொல்றது அமைதி, மூணாவதா கூலண்டை செக் பண்ணியான்னு கேப்பாங்க. முன் சீட்டு பெஞ்சா இருந்தா ஆறு பேரு உக்காரலாம், டிக்கில ஏர்போர்ட் பெட்டிங்க நாலு தாராளமா போகும்.

அந்த டிடிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு 2001 டெவில் பாக்கப் போயிருந்தேன், அதைச் சொல்லிடறேன். வித்தவர் வண்டியத் துடைச்சு பளபளன்னு நிறுத்தியிருந்தாரு, நான் போகும்போதே இன்ஜின் சூடா இருந்துச்சு. கூலண்ட் டேங்க் மூடி வரைக்கும் ரொம்பியிருந்துச்சு, டிக்கிய தொறந்தா ஸ்பேர் டயர் பக்கத்துல பாதி காலியான கூலண்ட் கேன். வீட்டுல வெச்சுக்காம டிக்கில எதுக்குன்னு தோணுச்சு. டெஸ்ட் பண்ணிக்கிறேன்னேன், மனுஷன் முகம் மாறிருச்சு. பண்ணினேன், ஹெட் கேஸ்கெட் போயிருந்துச்சு. தெரிஞ்சே விக்கப் பாத்தாரு.

உங்க பெரியவர் அப்படிப்பட்டவரா இருக்கமாட்டாரு, கூட வேலை பாக்குறவரு. இருந்தாலும் காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்க. கூலண்ட் லெவலைப் பாத்து பேனாவுல கோடு போட்டுக்கோங்க. அரை மணி நேரம் ஹைவேல ஓட்டுங்க, ஏசி போட்டு, மேடு ஏறி. டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருந்து அசையக்கூடாது. அப்புறம் ஆட்டோ பார்ட்ஸ் கடைல பிளாக் டெஸ்டர் வாடகைக்குக் கிடைக்கும், நீலக் கலர்ல ஒரு திரவம், இன்ஜின் ஓடும்போது டெஸ்டரை கூலண்ட் டேங்க்கோட வாய்ல வெச்சு, அதுல இருக்குற ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி உள்ள இருக்குற காத்தை உறிஞ்ச வைக்கணும், எரிஞ்ச புகை கூலண்ட்ல கலந்திருந்தா நீலம் மஞ்சளாயிரும். மூடிய சூடா இருக்கும்போது தொறக்காதீங்க, முகத்துல அடிக்கும், நல்லா ஆறவிட்டு தொறந்துட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. கூலண்ட் எப்ப மாத்தினாருன்னு பில்லு இருக்கான்னும் கேளுங்க, மாத்தாம வெச்சிருந்த வண்டிங்கதான் சீக்கிரம் போகுது.

மஞ்சளாச்சுன்னா பெரியவருக்கு நன்றி சொல்லிட்டு வந்துருங்க, எவ்வளவு கம்மி விலைன்னாலும் வேண்டாம். நீலமாவே இருந்துச்சுன்னா வாங்குங்க, ஆனா விலைல ரிப்பேருக்குன்னு ஒரு தொகைய மனசுல கழிச்சுட்டு பேசுங்க, ஆபீஸ் போக வேற ஒரு வண்டியும் வெச்சுக்கோங்க. டெஸ்ட் பண்ணிட்டு என்ன கலர் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க தம்பி, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.