லங்கடுக்குக் கிடைக்காத நகல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். நகல் மனு என்றால் என்ன, அதற்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லக்னோ பக்கத்துத் தாசில் கச்சேரியிலும், அதாவது தாலுகா அலுவலகத்திலும், அதற்கு நகல் என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்தி எழுத்தாளர் ஸ்ரீலால் சுக்லாவிடம் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

லக்னோவை அடுத்த அத்ரௌலி கிராமத்தில் 1925 டிசம்பர் 31ஆம் தேதி பிறந்தவர் அவர். அலகாபாத்தில் படித்தார். 1949இல் உத்தரப் பிரதேச அரசுப் பணியில் சேர்ந்தார், ஐ.ஏ.எஸ். நிலைக்கு உயர்ந்து 1983இல் ஓய்வு பெற்றார். பணிப்பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கும். கோப்பில் கையெழுத்துப் போட்ட அதே கைதான் 1968இல் 'ராக் தர்பாரி' நாவலை வெளியிட்டது. 1969க்கான சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. தமிழில் 'தர்பாரி ராகம்' என்று வந்திருக்கிறது. படிக்காதவர்கள் தயவுசெய்து தேடிப் படியுங்கள்.

சிவ்பால்கஞ்ச் என்று ஓர் ஊர். அங்கே வைத்தியஜி என்று ஒரு பெரியவர். ஊர்க் கல்லூரியும் கூட்டுறவுச் சங்கமும் அவர் கைக்குள். ஒருநாள் சங்கத்துக் கிடங்கிலிருந்த கோதுமையை மேற்பார்வையாளரே லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடுகிறார். வைத்தியஜி பதறவில்லை. இதுவரை நம் சங்கத்தில் கையாடல் நடக்காததால் ஊரார் நம்மைச் சந்தேகப்பட்டார்கள். இப்போது நடந்துவிட்டது, நாம் அதை மறைக்கவும் இல்லை, ஆகவே நாம் நேர்மையானவர்கள் என்கிறார். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்தத் தர்க்கத்தைக் கூட்டங்களில் காதால் கேட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவருடைய முதல் நையாண்டிக் கட்டுரைத் தொகுப்பு 1958இல் வந்தது. பெயர் 'அங்கதனின் கால்'. துளசிதாசரின் ராமாயணத்தில் இராவணன் சபை நடுவே அங்கதன் காலை ஊன்றி நிற்பான். அதை அசைக்க ஒருவராலும் முடியாது. தமிழில் நையாண்டி இலக்கியத்துக்கு அங்கதம் என்று பெயர் இருப்பதும் இந்த அங்கதனும் தற்செயலாகச் சேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடிக்கிறது. இவ்வளவு தெரிந்தவர் ஏன் வேலையை உதறவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. சபைக்குள் ஊன்றிய கால் அவருடையது. வெளியே நின்று பார்த்திருந்தால் 'ராக் தர்பாரி'யில் வரும் லங்கடைப் படைத்திருக்க முடியாது.

லங்கட் என்றால் நொண்டி. பக்திப் பாட்டுப் பாடித் திரிகிற ஏழை. தாசிலில் ஒரு நகல் கேட்டு மனுப் போடுகிறான். எழுத்தர் ஐந்து ரூபாய் கேட்கிறார். வழக்கமான விலை இரண்டு ரூபாய்தான் என்கிறான் இவன். பேச்சு முற்றுகிறது. லஞ்சம் கொடுக்காமல் விதிப்படிதான் நகல் வாங்குவேன் என்று இவன் சபதம் போடுகிறான். லஞ்சம் வாங்காமல் விதிப்படிதான் கொடுப்பேன் என்று எழுத்தரும் சபதம் போடுகிறார். இருவருமே சத்தியத்துக்காகப் போராடுகிறார்கள்! அந்தச் சண்டை நாவல் முழுக்க நடக்கிறது. லஞ்சத்தைவிட விதியே கொடுமையாக முடியும் என்பது நாற்காலியில் உட்கார்ந்து விதியைக் கையாண்டவருக்கு மட்டுமே தெரியும்.

எனக்கும் தெரியும். நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் ஆண்டு ஒரு பாட்டி வந்தார். பாலிதீன் பையில் மடித்த பட்டா, முந்தானை முடிச்சில் சில்லறை. மனுவில் ஒட்டிய கட்டண வில்லை ஒரு ரூபாய் குறைந்தது. 'வில்லை போதாமையால் திருப்பப்படுகிறது' என்று நான்தான் சிவப்பு மையில் எழுதினேன். விதிப்படி சரிதான். பாட்டி அந்தச் சிவப்பு எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு ரூபாயை நான் போட்டிருக்கலாம். முப்பது வருடம் கழித்து லங்கடைப் படித்த இரவு அந்தப் பாட்டியின் விரல் என் கண்ணுக்குள் வந்தது. சுக்லா வைத்தியஜியைப் பார்த்துச் சிரிக்கிறார், எழுத்தரைப் பார்த்துச் சிரிக்கிறார்; லங்கட் முறையிடும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது.

2011 அக்டோபரில் ஞானபீட விருதை மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 28ஆம் தேதி காலமானார்.

லங்கடுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நகல் தயாராகிவிட்டது. விதிப்படி அறிவிப்புப் பலகையில் பெயரை ஒட்டினார்கள். அந்த நாட்களில் அவனால் வர முடியவில்லை. பதினைந்து நாள் கழிந்ததும் நகலைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.