புதிய மௌத் ஆர்கனும் இரண்டாம் துளையும்

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மௌத் ஆர்கன் உள்ள வீடுகளுக்கு நம் மலையில் குறைவில்லை. அது பெரும்பாலும் இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட நீளமான ட்ரெமோலோ வகையாக இருக்கும். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள், அதாவது மூச்சுக்காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடுகள், உண்டு. அவற்றின் சுருதியை வேண்டுமென்றே சற்று விலக்கி வைத்திருப்பதால்தான் அலை அலையாக அதிரும் அந்த ஒலி கிடைக்கிறது. நெடுங்காலம் அதையே வாசித்துவந்த நான், அண்மையில் ஸி சுருதியில் பத்துத் துளை டயட்டானிக், அதாவது ஒரே சுருதியின் ஏழு சுரங்களுக்கென அமைந்த வகை, ஒன்றை வாங்கினேன். மத்தியாஸ் ஹோனர் 1857-இல் ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் தொடங்கிய நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மெரைன் பேண்ட் அது. புதிய கருவியின் முதல் சில நாள்களில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டு கலங்க வேண்டாம் என்பதே இன்று நான் பேச விரும்புவது.

பெட்டியைத் திறந்தவுடன் வாசிக்கத்தான் கை துடிக்கும். சற்றுப் பொறுங்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் புல்வெளியில் உறைபனி படியும் ஊர் நம்முடையது. குளிர்ந்த பித்தளை ரீடின்மேல் வெதுவெதுப்பான மூச்சுப் பட்டால் அதிலுள்ள ஈரம் நீராகப் படிந்து, ரீடு ஒட்டிக்கொண்டு ஒலி அடைத்துப்போகும். எனவே கருவியை உள்ளங்கைகளுக்கிடையிலோ ஸ்வெட்டருக்குள்ளோ சிறிது நேரம் வைத்திருந்து, சூடு ஏறியபின் எடுங்கள். அப்படி எடுத்து நான் முதலில் ஊதியபோது மனத்தில் பட்டது ஒலியின் தெளிவு. ட்ரெமோலோவின் அதிர்வு இல்லாமல், ஒவ்வொரு சுரமும் ஒற்றை இழையாக, கூர்மையாக வந்தது. அந்தத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு: மூச்சில் சிறு தடுமாற்றம் இருந்தாலும் அது அப்படியே வெளியே கேட்டுவிடும்.

அடுத்தது சுரங்களின் அமைப்பு. நான்காம் துளையில் ஊதினால் ஸ, மூச்சை உள்ளே இழுத்தால் ரி; ஐந்தில் ஊதினால் க, இழுத்தால் ம; ஆறில் ப, த; ஏழில் மட்டும் வரிசை மாறி, இழுத்தால் நி, ஊதினால் மேல் ஸ. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் இந்த நான்கு துளைகளுக்குள் முழுமையாக அடங்கிவிடுகின்றன. ஆனால் கீழ் ஸ்தாயியில், அதாவது முதல் மூன்று துளைகளில், மத்திமமும் தைவதமும் இல்லை. கருவி குறைபாடானது என்று எண்ணிவிடாதீர்கள். பக்கவாட்டுத் துளைகளைச் சேர்த்து ஊதினால் ஒத்திசைவான சுரக்கூட்டு கிடைப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

இனி இரண்டாம் துளைக்கு வருகிறேன். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குவோரில் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைகிறார்கள். நாயுடுபுரத்திலிருந்து என்னிடம் கற்க வரும் மாணவி ஒருத்தி, தந்தை வாங்கிக்கொடுத்த புதிய கருவியுடன் வாடிய முகமாக வந்தாள். “ஐயா, ரெண்டாவது துளை பழுது. இழுத்தா சத்தமே சரியா வரல. கடையில திருப்பிக் கொடுத்துடலாம்னு அப்பா சொல்றாங்க” என்றாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கரகரவென்று, சுருதி இறங்கிய ஓர் ஒலிதான் வந்தது. மூன்றாம் துளையில் ஊதச் சொன்னேன். பஞ்சமம் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் துளையில் இழுத்தாலும் அதே பஞ்சமம், அதே சுருதியில்தான் வர வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கவைத்தேன். இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் சுருதி கீழேயே நின்றது. அவள் கன்னங்களைக் கவனித்தேன். குழலிட்டு இளநீர் உறிஞ்சுவதுபோல் இரண்டும் உள்வாங்கியிருந்தன.

“உறிஞ்ச வேண்டாம்மா. தாடையைத் தளர்த்தி, வாய்க்குள் இடம் விட்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை மெல்ல உள்ளே வாங்கு” என்றேன். உடனே வந்துவிடவில்லை. இருமினாள், சலித்துக்கொண்டாள், மீண்டும் முயன்றாள். மாலை மஞ்சு சன்னல்வரை ஏறிய வேளையில் இரண்டு பஞ்சமங்களும் ஒன்றோடொன்று பொருந்தின. அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஆகவே நேயர்களே, மீண்டும் சொல்கிறேன்: இரண்டாம் துளை ஒலிக்கவில்லை என்று கடைக்குப் போவதற்கு முன், மூன்றாம் துளையை ஊதி ஒப்பிட்டுப் பாருங்கள்; மென்மையாக இழுத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அவளுக்குச் சுருதி இறங்கியதே, அதையே அறிந்து, அளவோடு செய்யக் கற்றுக்கொண்டால் அதற்குப் பெண்டிங் என்று பெயர். நாக்கின் நிலையை மாற்றி, வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவத்தை மாற்றும்போது, இரண்டாம் துளையின் பஞ்சமம் மத்திமம்வரை இறங்குகிறது. மூன்றாம் துளையின் நிஷாதம் தைவதத்தைத் தொடுகிறது. இல்லை என்று சொன்னேனே, அந்த இரண்டு சுரங்களும் இப்படித்தான் கிடைக்கின்றன. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இறங்கும் இந்த ஒலி அந்நியமாகப் படாது. ஆயினும் புதிய கருவியில் முதல் சில நாள்களுக்குப் பெண்டிங்கை வலிந்து செய்யாதீர்கள். மெதுவான வாசிப்பே போதும்.

பராமரிப்பைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை செய்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்காமல் வாசிக்காதீர்கள், வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கியிருக்கப் பிடித்து, உள்ளங்கையில் தட்டி ஈரத்தை உதறுங்கள், துளைகள் அமைந்த நடுச்சட்டம் மரமாக இருந்தால் ஒருபோதும் தண்ணீரில் கழுவாதீர்கள், மரம் உப்பிவிடும், ஈரம் உலர்ந்தபின் பெட்டியை மூடுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.