மூன்றாம் பிறையிலிருந்து தொடங்குங்கள்

நடுவர் அவர்களே, மடியில் பிள்ளையோடு அமர்ந்திருக்கும் பெற்றோரே, தாத்தா பாட்டிமாரே, வணக்கம்.

"சின்னஞ்சிறு பிள்ளைக்கு வானத்தைக் கற்றுத் தருவது திரையா, மொட்டை மாடியா?" என்பது தலைப்பு. திரைக்காகப் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயங்களைச் சொல்லி அமர்ந்தார். வீடியோ பார்த்த மூன்று வயதுப் பிள்ளை எட்டுக் கோள்களையும் வரிசையாகச் சொல்கிறது. நகரத்து மாடியில் நட்சத்திரமே தெரிவதில்லை. சந்திரயானைத் திரை இல்லாமல் எப்படிக் காட்டுவீர்கள்? நியாயமான கேள்விகள். மொட்டை மாடி அணியிடம் மூன்றுக்கும் பதில் உண்டு.

"புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்" என்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் "பூமி எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபோனைத்தான் காட்டும். பிள்ளை மேல் தப்பில்லை, பூமி அங்கேதானே அதற்கு அறிமுகமானது! நேரில் ஒருவர் செய்துகாட்டுவதைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு, அதையே வீடியோவில் பார்த்து இரண்டரை வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கற்றுக்கொள்வதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டலில், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்றே இருக்கிறது.

ஒரு வயதை ஒட்டிப் பிள்ளை விரல் நீட்டத் தொடங்குகிறது. அது நீட்டிய திசையை நாமும் பார்த்து, அந்தப் பொருளின் பேரைச் சொல்லும்போதுதான் சொல் மனத்தில் ஒட்டுகிறது. பிள்ளைத்தமிழில் ஏழாவதாக அம்புலிப் பருவம் என்று ஒன்று வைத்தார்களே, அதில் நடப்பதும் இதுதான். "என் பிள்ளையோடு விளையாட வா" என்று நிலவைக் கூப்பிடுவார்கள். தாயும் பிள்ளையும் நிலவும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாச்சோறு ஊட்டிய பாட்டிக்கு வானியல் தெரியாமல் இருக்கலாம், பாடம் நடத்தும் முறை தெரிந்திருந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொடங்குங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் மேற்கே பிறை தெரியும். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஏறக்குறைய பன்னிரண்டு மாலை, தினம் பத்து நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம். சென்னையில் ஆண்டு முழுக்க சூரியன் மறைவது சுமார் 5.40-க்கும் 6.40-க்கும் நடுவில்தான். ஜூன் மாதம் லண்டனில் ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. அங்குள்ள பிள்ளை தூங்கின பிறகுதான் இருட்டும். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை.

ஒரே நேரம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். காரணம் சொல்கிறேன். கையை நேரே நீட்டி முஷ்டியை மூடினால், அதன் அகலம் வானத்தில் சுமார் பத்து டிகிரி. பிள்ளையின் கை குட்டை, முஷ்டியும் சின்னது என்பதால் அதற்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நேற்று இருந்த இடத்திலிருந்து நிலா இன்று ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளி நிற்கும். ஆனால் பூமி சுழல்வதால் வானம் முழுதும் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முஷ்டி மேற்கே நகர்கிறது. இன்று ஆறரைக்கும் நாளை எட்டுக்கும் போனால் இரண்டு நகர்வும் கலந்துவிடும். ஒரே நேரத்தில் போனால், நேற்றுப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்த பிறை இன்று அதைத் தாண்டி மேலே ஏறியிருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். "நேத்து எங்கே இருந்துச்சு?" என்ற ஒரே கேள்வி போதும். எட்டாம் நாள் அரை நிலா உச்சியில். பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும்.

பாய் விரித்துப் படுக்க வைத்துக் காட்டுங்கள். இந்த வயதில் அண்ணாந்து பார்த்தால் பின்னால் சாய்ந்து விழும். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஃபோன் வெளிச்சத்தை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரு முறை திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

ஒரு தவறு மட்டும் வேண்டாம். "பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது" என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும். நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில் இருக்கிறது. அதில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதுதான் பிறை. இதை மூன்று வயதில் விளக்கவும் வேண்டாம். அன்று பார்த்த வடிவத்தில் தோசை வார்த்துக் கொடுங்கள், போதும்.

எதிரணியின் வீடியோக்களில் பிறை எப்படி வருகிறது? அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதன் வளைவுக்குள் ஒரு நட்சத்திரம் மின்னும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்திப் பிறை பல நாள் படகு போலப் படுத்தே கிடக்கும். வளைவுக்குள் நட்சத்திரம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே இருப்பது நிலாவின் இருண்ட பகுதி. தூரமும் அப்படித்தான்: திரையில் பூமியும் நிலாவும் ஒட்டி நிற்கின்றன. ஒரு கூடைப்பந்தைப் பூமியாக வையுங்கள். நிலா ஒரு டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் நடுவே ஏழு மீட்டருக்கு மேல் விட வேண்டும், அதாவது மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை! டென்னிஸ் பந்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளை ஓடட்டும். அந்த ஓட்டத்தில் உணர்கிற தூரத்தை எந்தத் திரையும் தராது. சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். இந்தக் கணக்கில் கூடைப்பந்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

நகரத்தில் நட்சத்திரம் இல்லை என்றார் நண்பர். ஆயிரம் இல்லைதான். பிள்ளைக்கு மூன்று போதும். தை மாதம் ஏழரை மணிக்குக் கிழக்கே உயரத்தில் பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெருவிளக்கை மீறித் தெரியும். அதற்குப் பக்கத்தில் செம்மையாக ஒன்று, அதுதான் திருவாதிரை. பஞ்சாங்கத்தில் இருக்கிற பேர் வானத்திலும் இருக்கிறது என்று பாட்டிக்கும் சேர்த்துக் காட்டுங்கள். வெள்ளியும் வியாழனும் இருக்கிற பருவத்தில் எந்த விளக்கும் அவற்றை மறைக்காது.

மழைக்காலத்தில்? விளக்கை அணைத்து, ஒரு சாத்துக்குடியில் பொட்டை ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி டார்ச் அடியுங்கள். பொட்டுதான் நம் வீடு, டார்ச்தான் சூரியன். பொட்டு வெளிச்சத்துக்கு வந்தால் பகல், இருட்டுக்குப் போனால் இரவு. டார்ச்சை ஆட்டாமல் பழத்தை மட்டும் மேற்கிலிருந்து கிழக்காக, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றுங்கள். டார்ச்சைச் சுற்றினால் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று பதிந்துவிடும். லேசர் விளக்கு கூடவே கூடாது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மை என்றால் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

தொலைநோக்கி வாங்க அவசரப்படாதீர்கள். இந்த வயதில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸில் நிலைக்கத் தெரியாது, முக்காலியைப் பிடித்து ஆட்டிவிடும். பைனாகுலரிலும் இரண்டு குழாயின் இடைவெளி பெரியவர்கள் கண்ணுக்கு அமைத்தது.

கடைசியாகச் சந்திரயான். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3-ன் விக்ரம் கலம் நிலாவில் தரையிறங்கியதை வீட்டில் திரையில்தான் பார்க்க முடிந்தது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நடுவர் அவர்களே, அதே நேரத்தில் நிலா எங்கே இருந்தது தெரியுமா? ஏறக்குறைய அரை நிலாவாக, தென்வானில், உயரத்தில். மேகம் இல்லாத ஊரில் பால்கனிக்கு நான்கு எட்டு வைத்திருந்தால், "அதோ, அதுக்குக் கீழ்ப்பக்கத்துலதான் இப்போ இறங்கியிருக்கு" என்று விரலால் காட்டியிருக்கலாம். எத்தனை வீட்டில் அந்த நான்கு எட்டை வைத்தார்கள்? திரை செய்தியைச் சொன்னது. அந்தச் செய்திக்கு ஒரு இடம் கொடுக்க வானம்தான் வேண்டும்.

வேலை முடிந்து வீடு சேரவே எட்டு மணி ஆகிறதே என்கிற பெற்றோருக்கும் வழி இருக்கிறது. பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம், காலை ஏழு மணிக்கு, நீல வானத்தில் மேற்குப் பக்கமாக வெள்ளை நிலா நிற்கும். பள்ளி வேன் வருவதற்குள் பார்த்துவிடலாம்.