வெள்ளைத் துணியும் தோள்சீலையும்

(நாகர்கோவிலில் மனித உரிமை நாள் மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். அடுத்து வில்லுப்பாட்டு இருக்கிறது. பிள்ளைகள் உடுக்கையும் குடமுமாகக் காத்திருக்கிறார்கள், அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. மொத்தம் 30 பிரிவுகள். அதற்கு நாற்பது வயது ஆன 1988-இல், மனித உரிமைக்காகப் போராடும் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு பாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகல் நாட்டு யூசு என்டூர். லண்டனில் தொடங்கி ஆறு வாரத்தில் 20 கச்சேரிகள். செப்டம்பர் 30 அன்று டெல்லியிலும் பாடினார்கள். கேட்க வந்தவர்கள் கையில் பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். உள்ளே அந்தப் பிரகடனம். பாட்டுக் கேட்கப் போனவன் தன் உரிமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான்!

கடைசிக் கச்சேரி அக்டோபர் 15, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ். அதைத்தான் சொல்ல வந்தேன். அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திரும்பவே இல்லை. தாய்மார் 1977 முதல் ஜனாதிபதி மாளிகை முன்னால் உள்ள சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத் துணி. முதலில் கட்டியது என்ன தெரியுமா? தங்கள் பிள்ளைகளுக்குக் குழந்தையில் கட்டிய இடுப்புத்துணி. அந்தத் தாய்மார் அன்று மேடையேறி ஸ்டிங்கோடு சேர்ந்து ஆடினார்கள்.

துணி என்றதும் எனக்கு என் ஆச்சி ஞாபகம். வாசலில் யாராவது கூப்பிட்டால், உலை பொங்கினாலும் சரி, கொடியில் கிடக்கும் நேரியலை எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் வெளியே வருவாள். பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் விளங்கியது. இந்த மண்ணில் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போட்டு மாரை மறைக்க உரிமை கேட்ட நாடார் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டார்கள், சீலை கிழிக்கப்பட்டது. 1820-களில் கல்குளம் பக்கம் தொடங்கிய கலகம், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு அந்த உரிமையைத் தந்து பிரகடனம் போடும்வரை ஓயவில்லை. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு முள்ளை வைத்தார்கள். பாரிஸ் பிரகடனத்துக்கு 89 வருஷம் முன்னால் நடந்தது இது.

அதே காலத்தில்தான் சாமித்தோப்பில் சாதிக் கொடுமையை எதிர்த்த ஆன்மிகத் தலைவர் அய்யா வைகுண்டர், தலைப்பாகை மறுக்கப்பட்டிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். அங்கேயும் துணிதான், அங்கேயும் பாட்டுதான். எழுத்தறியாதவர்களுக்கும் நிழல்தாங்கல் என்னும் அவர் வழி வழிபாட்டு இடங்களில் பாடிய படிப்புகள், அதாவது வழிபாட்டுப் பாடல்கள், வழியே அந்தத் துணிச்சல் போய்ச் சேர்ந்தது.

சரி, வில் ஏறட்டும். பிரகடனத்தின் முதல் பிரிவை நம் பிள்ளைகள் மெட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமாரே, 'ஆமா' போட வேண்டியது நீங்கள்தான்.